எங்கே கெடும், எப்போது தெரியும்?

இரவு இரண்டு மணிக்கு உடும்பஞ்சோலையில் விழித்திருப்பவர்களில் முக்கியமானவர் ஏலக்காய் ஸ்டோரில் அடுப்பைப் பார்த்துக்கொள்பவர். உள்ளே கம்பிவலைத் தட்டுகளில் பச்சைக்காய் பரப்பியிருக்கும். ஏறக்குறைய 80 சதவீதம் ஈரத்தோடு உள்ளே போன காய், 18 முதல் 24 மணி நேரத்துக்குள் 10 சதவீத ஈரத்தோடு வெளியே வரவேண்டும். வெப்பம் 45 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் இடையே நிற்கவேண்டும். குறைந்தால் ஈரம் தங்கி, பின்னால் மூட்டையில் பூஞ்சை பிடிக்கும். கூடினால் காய் வெடிக்கும், பச்சை மங்கும், வாசனை எண்ணெய் ஆவியாகிப் போகும். கரண்ட் போய் மின்விசிறி நின்றாலும் அதே கதிதான். மூன்று வருடம் வளர்த்து, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துப் பறித்த காயின் விலையை அந்த ஒரு இரவு தீர்மானித்துவிடுகிறது.

எனவே ஏலத்தோட்டக்காரருக்கு மிகப் பெரிய பயம் எது என்று கேட்டால் ஸ்டோரைச் சொல்லலாம். அல்லது மழைக்கால அழுகலை. அல்லது இலையில் மஞ்சள் கோடு ஓடவைக்கும் கட்டே நோயை. அல்லது காய் மேல் சொறி பிடிக்கவைக்கும் த்ரிப்ஸ் பேனை. கோடையை, ஏல மையத்தில் விலை விழுவதை, கூலிக்கு ஆள் கிடைக்காததை. பட்டியல் நீளமானது. எல்லாமே நியாயமான பயங்கள். சிக்கல், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பயப்பட யாரிடமும் பணமோ நேரமோ இல்லை என்பதில் இருக்கிறது. எதற்கு முதலில் பயப்படுவது?

இந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு முறை இருக்கிறது. மலைத்தோட்டத்தில் பிறந்ததல்ல. 1949 நவம்பரில் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட ஒரு செயல்முறை ஆவணத்தில் முதலில் தலைகாட்டியது. 1960களில் சந்திரனுக்கு ஆள் அனுப்பிய அப்போலோ திட்டத்தில் நாசா அதைக் கையாண்டது. 1970களில் ஃபோர்டு கம்பெனி கார் தொழிலுக்குக் கொண்டுவந்தது. இன்று ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார் கம்பெனிகளுக்குப் போல்ட்டோ பிரேக்கோ சப்ளை செய்கிற தொழிற்சாலைகளில் எஃப்.எம்.இ.ஏ. என்ற நான்கு எழுத்து தெரியாத இன்ஜினியர் கிடையாது. ஆங்கில எழுத்துக்களை விரித்தால் மிரட்டலாக இருக்கும். விஷயம் எளிது: ஒவ்வொரு வேலைப் படியிலும் என்னென்ன விதத்தில் தவறு நேரலாம், நேர்ந்தால் என்ன ஆகும் என்று, தவறு நேர்வதற்கு முன்பே உட்கார்ந்து எழுதுவது.

எழுதிய ஒவ்வொரு தவறுக்கும் மூன்று மதிப்பெண். நேர்ந்தால் எவ்வளவு சேதம்? எத்தனை அடிக்கடி நேரும்? நேர்ந்ததை, சரக்கு கைவிட்டுப் போவதற்குள் கண்டுபிடிக்க முடியுமா? ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் பத்து வரை. மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும்: கண்டுபிடிப்பது கஷ்டம் என்றால்தான் மதிப்பெண் அதிகம். மூன்றையும் பெருக்கினால் வருகிற எண் எதற்கு அதிகமோ, அதை முதலில் கவனிக்கவேண்டும்.

முதல் இரண்டு கேள்விகளும் எந்த விவசாயிக்கும் தெரிந்தவை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே சேதத்தையும் தடவையையும் கணக்குப் போட்டுவிடுவார். இந்த முறையின் விஷேசமே மூன்றாவது கேள்விதான். உடும்பஞ்சோலையின் கதையும் அங்கேதான் திரும்புகிறது.

உதாரணத்துக்கு ஸ்டோரையே எடுத்துக்கொள்ளலாம். வெப்பம் மீறினால் சேதம் கணிசமானது, ஆறு போடலாம். அனுபவசாலி அடுப்பில் இருந்தால் அடிக்கடி நேராது, நான்கு. கண்டுபிடிப்பது? காலையில் கதவைத் திறந்தாலே தெரிந்துவிடும். நிறம் சொல்லும், வெடித்த காய் சொல்லும். இரண்டு போதும். பெருக்கினால் 48.

இப்போது இன்னொரு தவறு. காய் மேல் அடித்த பூச்சிமருந்து, உலர்ந்த காயிலும் தங்கிவிடுவது. சேதம்? சரக்கே திரும்பி வரலாம் என்பதால் ஒன்பது. எத்தனை அடிக்கடி? குறைத்து மதிப்பிட்டாலும் ஆறு. கண்டுபிடிப்பது? நிறம் பச்சை, வாசனை அருமை, எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற தடித்த காய். கையில் எடுத்துப் பார்க்கிற வியாபாரிக்கு எதுவும் தெரியாது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால்தான் தெரியும். எனவே ஒன்பது. பெருக்கினால் 486. ஸ்டோர் இரவைவிடப் பத்து மடங்கு.

மதிப்பெண்களில் ஒன்றிரண்டு கூட்டலாம், குறைக்கலாம். வரிசை மாறாது. தூக்கம் கெட்டுக் காவல் காக்கப்படுவது 48க்கு. 486க்குக் காவல் கிடையாது.

எச்சம் எப்படித் தங்குகிறது என்பதில் பயிரின் சுபாவத்துக்கும் பங்கு உண்டு. நெல்லைப்போல ஏலம் ஒரே நாளில் விளைவதில்லை. தூரின் அடியிலிருந்து தரையோடு ஓடும் ஒரே சரத்தில் இன்று விரிந்த பூ இருக்கும், பிஞ்சு இருக்கும், இளங்காய் இருக்கும், பறிக்கத் தயாரான கருங்காயும் இருக்கும். பேன் தாக்குவது பிஞ்சை. சொறி பிடித்த காய்க்கு விலை கிடையாது. எனவே பிஞ்சைக் காப்பாற்ற மருந்தடிக்கவேண்டும். அடித்தால் பக்கத்தில் தொங்குகிற கருங்காய் மேலும் விழும். அதைச் சில நாளில் பறித்தாகவேண்டும், இல்லையென்றால் பழுத்துப் போகும், எலியும் அணிலும் பங்கு கேட்கும். ஒவ்வொரு மருந்துக்கும் இத்தனை நாள் கழித்தே பறிக்கவேண்டும் என்று ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. சரத்துக்கு அது தெரியாது.

இதோடு முடிவதில்லை. சுமார் ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ. தண்ணீர் போய்விடுகிறது. வெப்பத்தில் மருந்தில் ஒரு பகுதி சிதையலாம். ஆனால் சிதையாமல் மிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்கு எடைக்குள் ஒடுங்கிவிடும். பச்சையில் வரம்புக்குள் இருந்தது, உலர்ந்தபின் வரம்பை மீறலாம். ஸ்டோர்க்காரர் எந்தத் தப்பும் செய்யாமலே, தன் வேலையை ஒழுங்காகச் செய்ததாலேயே இது நடக்கிறது.

வரம்பு எவ்வளவு சின்னது என்பதையும் பார்க்கவேண்டும். ஒரு பொருளில் ஒரு மருந்துக்கென்று தனியாக அளவு வகுக்கப்படாதபோது உணவுச் சட்டங்கள் பொதுவாகக் கையாளும் அளவு ஒரு கிலோவில் 0.01 மில்லிகிராம். அதாவது பத்து டன் ஏலக்காயில் மொத்தம் 100 மில்லிகிராம். லாரி லோடு ஏலக்காய்க்கு ஒரு சிட்டிகை. விவசாயிக்கு இது அநியாயமாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. பாயசத்தில் இரண்டு காய் தட்டிப்போடுகிறவர் எவ்வளவு சாப்பிடப் போகிறார் என்ற வாதத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் வரம்பு வகுப்பவர்கள் ஏல மையத்தில் உட்காருவதில்லை.

சேதத்துக்கு ஒன்பது கொடுத்தது மிகையா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குச் சபரிமலைக் கதை இருக்கிறது. 2023 ஜனவரி, மகரவிளக்கு நேரம். சன்னிதானத்தில் அரவணைப் பாயசத்துக்குப் பயன்படுத்திய ஏலக்காயில் அனுமதித்த அளவுக்கு மேல் பூச்சிமருந்து இருப்பதாகச் சோதனை அறிக்கைகள் வந்தன. கேரள உயர்நீதிமன்றம் அந்த ஏலக்காய் கலந்த அரவணை விற்பனையை நிறுத்தச் சொன்னது. நிறுத்தப்பட்டது எவ்வளவு? சுமார் 6.65 லட்சம் டின். அரிசி, வெல்லம், நெய் எதிலும் குறை சொல்லப்படவில்லை. இருமுடி கட்டி மலையேறி வந்தவர்கள் அடுத்த நாளிலிருந்து ஏலக்காய் இல்லாத அரவணை வாங்கிப் போனார்கள்.

கதையின் பின்பாதி இன்னும் சுவாரஸ்யம். அந்த அரவணை சாப்பிட உகந்ததுதான் என்று பிற்பாடு நடந்த சோதனை சொன்னது. ஏலக்காயில் இருந்ததாகச் சொல்லப்பட்டது, பாயசத்தில் கரைந்தபின் ஆபத்தான அளவில் இல்லை. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உயர்நீதிமன்றத்தின் உத்தரவை ரத்து செய்தது. வழக்குத் தொடுத்தவர் ஏலக்காய் டெண்டர் கிடைக்காத ஒரு சப்ளையர் என்பதையும் சுட்டிக்காட்டியது. தேவஸ்வம் போர்டுக்கு வெற்றிதான். ஆனால் டின்கள் அதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் கிடங்கில் கிடந்து பழசாகியிருந்தன. பக்தர்களுக்கு விற்க முடியாது. காட்டு யானைகள் உலவும் மலையில் கொட்டவும் முடியாது. கடைசியில் அப்புறப்படுத்துவதற்கே டெண்டர் விடவேண்டியதாயிற்று.

அந்த ஏலக்காய் எந்த மலையில் விளைந்தது என்பது இங்கே விஷயமில்லை. பாயசத்தின் எடையில் மிகச் சிறிய பங்கு வகிக்கிற ஒரு பொருள், மொத்தத்தையும் முடக்கிவிட்டது. சேதத்தின் அளவு பொருளின் விலையைப் பொறுத்ததல்ல, அது எதற்குள் போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்தது. கார் கம்பெனிக்காரர்களுக்கு இது பழைய பாடம்: பத்து ரூபாய் வாஷருக்காகப் பத்தாயிரம் கார்களைத் திரும்ப அழைத்தவர்கள் அவர்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். இந்திய ஏலக்காயின் பெரிய வாடிக்கையாளர் வளைகுடா. காவா என்ற அரபுக் காப்பிக்கு ஏலக்காய் இல்லாமல் முடியாது. சவுதி அரேபியா எச்சத்தைக் காரணம் காட்டி 2010களின் பிற்பகுதியில் இந்தியச் சரக்கைத் தடுத்தபோது அந்த இடத்தை நிரப்ப குவாட்டமாலா தயாராக இருந்தது. ஏலம் அந்த நாட்டுப் பயிரே அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் கொண்டுபோய் நட்டது. இன்று ஏற்றுமதியில் முதலிடம் அவர்களுக்கு. தரத்தில் நம் காய்தான் உசத்தி என்று உடும்பஞ்சோலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நிறத்திலும் வாசனையிலும் அது உண்மையும்கூட. ஆய்வுக்கூட எந்திரம் இரண்டையும் அளப்பதில்லை.

அப்படியானால் ஏன் இத்தனை மருந்து? விவசாயியின் அறியாமை என்று சொல்லி நகர்ந்துவிடுவது சுலபம். பாதி உண்மைகூட இல்லை. உடும்பஞ்சோலைத் தாலுகாவிலேயே இரண்டு ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. பாம்பாடும்பாறையில் 1956இல் தொடங்கியது, மயிலாடும்பாறையில் 1978இல் வந்த இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு தவறைத் தடுக்கச் செய்த காரியம் இன்னொரு தவறுக்கு விதையாகியிருக்கிறது.

ஞள்ளானி ரகத்தைப் பார்க்கலாம். கட்டப்பனைப் பக்கம் செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி தன் தோட்டத்தில் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ரகம். தேசியக் கண்டுபிடிப்பு அறக்கட்டளையின் விருது பெற்றது. பழைய ரகங்கள் தந்ததைப்போலப் பல மடங்கு மகசூல். 1990களில் மலை முழுக்கப் பரவி, பழைய ரகங்களைக் கிட்டத்தட்ட ஓரங்கட்டிவிட்டது. மகசூல் குறைவு என்ற பயத்துக்கு அது அற்புதமான பதில். ஆனால் அதிகம் காய்க்கிற செடிக்கு உரம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், தண்ணீர் வேண்டும். வெளிச்சத்துக்காக நிழல் மரங்களின் கிளை கழிக்கப்பட்டது. நிழல் குறைந்தால் வெயில் ஏறும், ஈரம் போகும், பூச்சிக்குக் கொண்டாட்டம். மலை முழுவதும் ஒரே ரகம் என்றால் ஒரு தோட்டத்துக்கு வந்தது எல்லாத் தோட்டத்துக்கும் வரும். அதற்கு மருந்து.

மருந்துக்கும் ஒரு பின்விளைவு. ஏலப் பூ காலையில் விரியும், அந்த ஒரு நாள்தான் அதற்கு ஆயுள். அதற்குள் தேனீ வந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய். இல்லாவிட்டால் மறுநாள் உதிர்ந்துவிடும். தேனீக்கள் மும்முரமாக அலைவதும் முற்பகலில், மருந்தடிக்கும் ஆட்கள் வேலை செய்வதும் முற்பகலில். காயைச் சொறியிலிருந்து காப்பாற்ற அடித்தது, அடுத்த காயைப் பிறக்கவிடாமல் செய்யும். மகசூல் குறைகிறது என்று உரமும் மருந்தும் கூடும்.

தொழிற்சாலைப் பட்டியலில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. பரிகாரம் செய்தபின் மூன்று மதிப்பெண்களையும் மறுபடி போடவேண்டும். பரிகாரத்தால் புதிய தவறு ஏதும் முளைத்திருந்தால் அதையும் பட்டியலில் சேர்க்கவேண்டும். மலையில் அந்த மறுகணக்கை யாரும் போடவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு முடிவும் புத்திசாலித்தனமானது. சேர்த்துப் பார்க்கிற வேலை யாருடையது என்பதுதான் தெரியவில்லை.

மதிப்பெண்கள் பழசாகிப் போவதும் உண்டு. வறட்சி என்றால் உடும்பஞ்சோலையில் பெரியவர்கள் 1982-83ஐச் சொல்வார்கள். செடிகள் கூட்டம் கூட்டமாகக் கருகிய வருடம். தலைமுறைக்கு ஒருமுறை என்று அதற்கு இரண்டு மதிப்பெண் போட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் 2018 ஆகஸ்டில் வெள்ளமும் மண்சரிவும். அடுத்த கோடையில் காய்ச்சல். விளைச்சல் சரிந்து 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. காய் இருந்தவர்களுக்கு யோகம், பெரும்பாலானவர்களிடம் காய் இல்லை. அந்த விலையைப் பார்த்துக் கடன் வாங்கிப் புதிதாக நட்டவர்கள் ஏராளம். அவர்களின் செடி காய்க்கத் தொடங்கிய 2022 வாக்கில் விலை ஆயிரத்துக்கும் கீழே. 2024 கோடையில் மறுபடி வறட்சி. தார்ப்பாய் விரித்து மழைத்தண்ணீர் தேக்குகிற படுதாக்குளங்களும் அடி தெரிந்தன. இரண்டு போட்ட இடத்தில் இனி எத்தனை போடுவது?

கண்டுபிடிப்பு என்ற மூன்றாவது கேள்விக்கு வருவோம். ஆய்வுக்கூடம் இருக்கிறதே, சோதித்தால் போயிற்று என்று தோன்றலாம். இங்கே விண்வெளிக்காரர்கள் இன்னொரு உதவி செய்திருக்கிறார்கள். 1960களில் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்தபோது நாசாவும் பில்ஸ்பரி கம்பெனியும் ஒரு சங்கடத்தைச் சந்தித்தன. உணவு நூறு சதவீதம் பத்திரமானது என்று உறுதியாகச் சொல்லவேண்டுமானால் தயாரித்ததில் பெரும்பகுதியைச் சோதித்தே தீர்த்துவிடவேண்டும். சாப்பிட மிஞ்சாது. எனவே கடைசியில் சோதிப்பதை விட்டு, வழியில் எங்கெங்கே கெடுமோ அங்கங்கே கட்டுப்படுத்துவது என்று முடிவெடுத்தார்கள். ஹாசப் என்று இன்று உணவுத் தொழிலில் சொல்லப்படுகிற முறை அப்படிப் பிறந்தது. 1993இல் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பும் ஏற்றுக்கொண்டது.

ஏலக்காயில் சோதனை நடப்பது பெரும்பாலும் ஏற்றுமதி வாசலில். ஸ்பைசஸ் போர்டின் ஆய்வுக்கூடங்கள் கொச்சி, தூத்துக்குடி போன்ற இடங்களில் இருக்கின்றன. காய் அங்கே போய்ச் சேருவதற்குள் என்ன நடந்துவிடுகிறது? ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்க்காரர்களிடம் சொந்த ஸ்டோர் இருக்காது. பச்சைக்காயைக் கூலிக்கு உலர்த்தும் ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். உலர்ந்தபின் உள்ளூர் வியாபாரி வாங்குவார். பல பேர் சரக்கு சேர்ந்து, புற்றடியிலோ போடிநாயக்கனூரிலோ மின் ஏலத்துக்குப் போகும். 2007 வாக்கில் கூவி ஏலம் விடும் வழக்கம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. விலை திரையில் ஓடுகிறது, விற்பவர் யாரிடம் எத்தனைக்கு என்பதெல்லாம் சுத்தமாகப் பதிவாகிறது. வாங்கியவர் சல்லடையில் சலித்துத் தடிமன் வாரியாகப் பிரித்து மறுபடி கலப்பார். கொச்சியில் எச்சம் தெரியும்போது, அந்தக் காய் எந்தச் சரத்தில் தொங்கியது என்று சொல்ல யாராலும் முடியாது.

இதில் ஒரு அநியாயமும் இருக்கிறது. மருந்தைக் குறைத்து, சொறி பிடித்த காயைச் சகித்துக்கொண்டவருக்கு ஏல மையத்தில் விலை குறைவு. சொறி கண்ணுக்குத் தெரியும், எச்சம் தெரியாது. திரையில் ஓடுகிற விலை நிறத்துக்கும் தடிமனுக்கும் லிட்டர் எடைக்கும் மட்டுமே. பச்சைக்கு இவ்வளவு மதிப்பு என்பதால்தான் சாயம் ஏற்றும் தில்லுமுல்லும் நுழைந்தது. முழு மசாலாப் பொருளில் செயற்கைச் சாயம் சட்டப்படி கூடாது, எச்சரிக்கைகளும் அவ்வப்போது வருகின்றன. கண்ணுக்கு மட்டும் விலை கொடுக்கிற சந்தையில் கண்ணை ஏமாற்ற ஒரு சிலராவது முயல்வார்கள்.

கண்டுபிடித்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய முதல் எஸ்.எல்.வி.-3 சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தைத் திசைதிருப்பும் அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் அமிலம் கசிந்துபோயிருந்தது. திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாம் பின்னாளில் எழுதியதன்படி, கசிவு கிளம்புவதற்கு முன்பே கவனிக்கப்பட்டது. பரவாயில்லை, மிச்சம் போதும் என்று கணக்குப் போட்டார்கள். தவறு கண்ணில் பட்டும் அதற்குக் குறைந்த மதிப்பெண் விழுந்துவிட்டது. மறு வருடம் ஜூலையில் அதே ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது.

பெருக்கல் கணக்குக்கும் ஒரு கோணல் உண்டு. உடும்பஞ்சோலையில் அது நன்றாகவே தெரியும். தேனி மாவட்டத்தின் கம்பம், போடி, தேவாரம் பக்கத்து ஊர்களிலிருந்து தினமும் விடியற்காலை ஜீப்புகள் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் மலையேறுகின்றன. உள்ளே காய் எடுக்கப் போகும் பெண்கள். உட்காரவேண்டியவர்களைப்போல இரண்டு மடங்கு பேர். சாயங்காலம் அதே கூட்டம் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும். ஜீப் கவிழ்ந்து உயிர்கள் போனது பலமுறை செய்தியாகியிருக்கிறது. மதிப்பெண் போட்டுப் பார்க்கலாம். சேதம் பத்து, அதற்கு மேல் இல்லை. தினமும் ஓடுகிற ஜீப்புகளோடு ஒப்பிட்டால் விபத்து அபூர்வம், மூன்று. அளவுக்கு மீறி ஏற்றியிருப்பது செக்போஸ்டில் பார்த்தாலே தெரியும், மூன்று. பெருக்கினால் 90. பேன் சொறிக்குச் சேதம் நான்கு, அடிக்கடி எட்டு, கண்டுபிடிப்பு மூன்று. பெருக்கினால் 96. கணக்குப்படி சொறி முதலில், ஜீப் அப்புறம்.

இந்த அபத்தம் தொழிற்சாலைக்காரர்களுக்கும் உறைத்தது. அமெரிக்க, ஜெர்மானியக் கார்த் தொழில் சங்கங்கள் சேர்ந்து 2019இல் வெளியிட்ட புதிய கையேடு பெருக்கலையே கைவிட்டது. உயிருக்கு ஆபத்தா என்று முதலில் கேள், மற்றதெல்லாம் அடுத்தது என்று வரிசையை மாற்றியது. அந்த வரிசைப்படி உடும்பஞ்சோலையின் பட்டியலை எழுதினால் முதல் இரண்டு இடங்களில் காயே வராது. ஜீப் வரும். முகத்தில் ஒரு துண்டை மட்டும் சுற்றிக்கொண்டு, மருந்துக் குழாயைப் பிடித்துச் செடிக்குள் நுழைகிற தொழிலாளி வருவார். சரக்கில் தங்கிய எச்சத்தை அளக்கக் கொச்சியில் எந்திரம் இருக்கிறது. அதே மருந்து அவர் மூச்சில் எவ்வளவு போகிறது என்பதை எந்த வாங்குபவரும் கேட்பதில்லை, ஏனென்றால் அதற்காக எந்தக் கன்டெய்னரும் திரும்பி வருவதில்லை.

இத்தனைக்கும் தொடக்கம் எங்கே என்று கேட்டால், பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். கூலிக்கு உலர்த்தும் ஸ்டோரில் கணக்கு நோட்டு ஒன்று இருக்கும். யார் சாக்கு, பச்சைக்காய் எத்தனை கிலோ, உலர்ந்தபின் எத்தனை, கூலி எவ்வளவு என்று. ஒவ்வொரு காயும் இன்னாருடையது என்று பெயரோடு இருக்கிற கடைசி இடம் அதுதான். அதைத் தாண்டினால் கலந்துவிடும். கடைசியாக மருந்தடித்த தேதி, மருந்தின் பெயர் என்று அந்த நோட்டில் இன்னும் இரண்டு கட்டம் போட்டால் மூன்றாவது மதிப்பெண் ஒன்பதிலிருந்து ஐந்துக்காவது இறங்கும். சந்தேகப்படும் சாக்கைத் தனியாக உலர்த்தித் தனியாகச் சோதிக்கலாம். காத்திருப்பு நாள் முடியாத காயை ஒரு வாரம் கழித்துப் பறித்துவரச் சொல்லலாம். கோடு போட ஒரு ஸ்கேல் போதும். ஆனால் ஸ்டோர்க்காரரின் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியது. தேதி கேட்டால் சாக்கு அடுத்த ஸ்டோருக்குப் போய்விடும். தாலுகாவில் இருக்கிற எல்லா ஸ்டோரும் ஒரே நாளில் கேட்கத் தொடங்கவேண்டும். அதற்கு உத்தரவு போடவேண்டியது ஸ்பைசஸ் போர்டா, கேரள அரசா, ஏல மையம் நடத்துகிறவர்களா என்பதும் நோட்டில் காலியாகக் கிடக்கிற ஒரு கட்டம்தான்.